கொல்லைக்குள் வந்து செல்போனில் படம் எடுப்பது பற்றி

தெருவில் எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் நாங்கள் குறுவை நடவுக்கு வயலுக்குப் போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு எங்கள் கொல்லைக்குள் வந்து, அடிபம்பு ஓரம் நின்று செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறார், அக்கா மகள் அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இன்னும் கொல்லைப் பக்கம் தனியாகப் போகப் பயப்படுகிறாள்.

கேட்டால், எல்லைக்கு ஆதாரம் எடுக்கிறேன் என்கிறார். எல்லைத் தகராறு என்றால் எஃப் லைன் மனு போட்டு சர்வேயரை வைத்து அளக்கலாமே?

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மிரட்டவோ அவமானப்படுத்தவோ தொல்லை தரவோ அடுத்தவர் இடத்தில் நுழைவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 329-வது பிரிவில் குற்றம். பெண்கள் குளிப்பது மாதிரி அந்தரங்கமான நேரத்தில் எடுத்தால் 77-வது பிரிவு, முதல் தடவையே 1 முதல் 3 வருடம் வரை சிறை. தெருவில் நடப்பதைத் தெருவில் நின்று எடுப்பதெல்லாம் இதில் வராது, அதையும் நினைவில் வையுங்கள்.

யாருக்கு இப்படி நடந்தாலும் போனைப் பிடுங்காதீர்கள், கை வைத்தால் வழக்கு நம் மேல் திரும்பிவிடும். தேதி, நேரம் எழுதி வைத்து ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு வாங்குங்கள். பெண்கள் உதவி எண் 181-க்கும் பேசலாம்.

அப்புறம், வியாழக்கிழமை காலையில் அவர் படல் தாண்டியதைப் பார்த்தவர்கள் தயவுசெய்து எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், நாளை மனு கொடுக்கப் போகிறோம்.