வன்னிக் காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வேல்ஸ், ஸ்கொட்லாந்துக் காடுகளில் மலைச்சைக்கிள் ஓட்டத்துக்கென அமைத்த நிலையங்களுக்குச் செல்வோரிற் சிலர், அடையாளமிட்ட தடங்களோடு நின்றுவிடாமல், அயலிலுள்ள இயற்கையான ஒற்றையடிப் பாதைகளையும் தேடி ஓட்டுகின்றனர். இலங்கையின் வடக்கே, வன்னியின் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் மாட்டுத்தடங்கள், குளக்கட்டுகள், பழைய வண்டிப்பாதைகள் என அத்தகைய வழிகளுக்குக் குறைவில்லை, மலைதான் இல்லை. பாலை மர வேர்கள் குறுக்கிடும் வளைவுகளும், கோடையில் சில்லுப் புதையும் மணலும், மாரியில் வழுக்கும் களியும் போதிய சவாலே. ஆயினும் மிதிவெடிகள் இன்னும் முற்றாக அகற்றப்படாத வன்னியில், வெடி அபாயத்தை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காக ஒரு பாதையைப் பாதுகாப்பானதெனக் கொள்ள முடியாது. விறகுக்கும் தேனுக்கும் நாளாந்தம் சென்றுவருவோர் காட்டும் வழிகளை மட்டும், வெடியகற்றற் பதிவுகளோடும் யானை நடமாட்டத்தோடும் ஒப்பிட்டு, வனவளத் திணைக்களமும் பிரதேச சபைகளும் வரைபடமாக வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர், ஒட்டுசுட்டான்