படத்தைப் பற்றி எதுவும் கேட்காத வாடிக்கையாளர்

இணையத்தில் படம் விற்கும் தஞ்சை ஓவியக் கலைஞர்களுக்கும், வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து வேலை செய்யும் சகோதரிகளுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை எழுத எனக்கு ஒரு வருடம் பிடித்தது. படம் வாங்குவதாகச் சொன்ன ஒருவரிடம் நான் பணம் ஏமாந்ததை முதலில் என் வீட்டாரிடமே முழுதாகச் சொல்லவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் அதே வலையில் விழுந்தார்கள். நான் முன்பே வாய் திறந்திருந்தால் அவர்களாவது தப்பியிருப்பார்கள் என்ற எண்ணம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன் படம். பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலம், அசல் ரேக் என்னும் தங்கத் தாள், ஜெய்ப்பூர் கல், தேக்குச் சட்டம். 14,500 ரூபாய் என்று விலை போட்டிருந்தேன். ஒரு நாள் காலையில் வேறொரு படத்துக்கு ரேக் ஒட்டிக்கொண்டிருந்தேன். மின்விசிறியை நிறுத்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்கிற வேலை அது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் போன் அடித்தது. ராணுவ அதிகாரியாம். செகந்திராபாத்துக்கு மாற்றலாகிவிட்டதாம். புது வீட்டுப் பூஜை அறைக்குப் படம் உடனே வேண்டுமாம். விலையைச் சொன்னதும் சரி என்றார். பத்து ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. சீருடைப் படத்தோடு ஓர் அடையாள அட்டை வாட்ஸ்அப்பில் வந்தது. பாதிப் பணம் 7,250 ரூபாயை முன்பணமாக அனுப்புவதாகச் சொன்னார். "எங்கள் கணக்குப் பிரிவிலிருந்துதான் பணம் வரும் அம்மா. சோதனைக்கு நீங்கள் 1 ரூபாய் அனுப்புங்கள், 2 ரூபாயாகத் திரும்பி வரும்" என்றார். அனுப்பினேன். 2 ரூபாய் வந்தது. அந்த 2 ரூபாயில்தான் என் சந்தேகம் முழுவதும் கரைந்துபோனது.

அடுத்து ஒரு க்யூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் முன்பணம் வந்து விழும் என்றார். பிசின் காயாத விரலால் அழுத்தினேன். போன் திரையில் என் விரல் பட்ட இடத்தில் ஒரு துணுக்கு ரேக் ஒட்டிக்கொண்டு மின்னியது. அது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. என் கணக்கிலிருந்து 7,250 ரூபாய் போயிற்று. "ஏதோ தவறு அம்மா, இன்னொரு முறை செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்" என்றார். செய்தேன். அதற்கு மேலும் ஒரு முறை. மொத்தம் 21,750 ரூபாய். இரண்டு மாதப் பலகை, கல், ரேக் வாங்க வைத்திருந்த பணம்.

யுபிஐ 2016இல் வந்தது. அன்று முதல் இன்றுவரை பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவைப்பட்டதே இல்லை. கோடு ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பவர் செய்கிற வேலைதான். படம் வாங்குகிறவர்தான் நம் கோட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். அவர் கோட்டை நாம் ஸ்கேன் செய்தால் நாம்தான் கொடுக்கிறோம். இதே நோக்கத்துக்குத் திருடர்கள் மிகவும் பயன்படுத்திய இன்னொரு வழி, "இவ்வளவு பணம் கொடுங்கள்" என்று எதிராளி நம் போனுக்கு அனுப்பும் கோரிக்கை. தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் க்யூஆர் கோடு அப்படியே இருக்கிறது. அவசரப்படுத்தும் குரலும் அப்படியே இருக்கிறது.

இந்த விதி எனக்குத் தெரியாமல் இல்லை. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பிறகு ஏன் விழுந்தேன்? பல நாள் யோசித்தேன். பேராசை என்று ஊர் சொல்லும். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்ட விலையைத் தந்தால் பேராசையா? மூன்று வாரம் குனிந்து செய்த வேலையை ஒருவர் பேரம் பேசாமல் மதித்துவிட்டார் என்ற மகிழ்ச்சி அது. நம் வேலைக்கு எப்போதாவதுதான் அந்த மரியாதை கிடைக்கிறது. அந்தப் பசி திருடனுக்குத் தெரிந்திருக்கிறது.

உண்மையாக வாங்க வருகிறவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பாருங்கள். அசல் ரேக்கா, போலியா என்று கேட்பார். கல் உதிருமா, பலகை வளையுமா, எத்தனை வருடம் தாங்கும் என்பார். வெளிச்சத்தில் வைத்து ஒரு வீடியோ அனுப்பச் சொல்வார். கண்ணாடி போட்டு அனுப்பினால் வழியில் உடையாதா என்று கவலைப்படுவார். மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் காணாமல் போவார். கடைசியில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்வார். நமக்கு அலுப்பாகக்கூட இருக்கும். என்னிடம் பேசியவர் கிருஷ்ணன் தவழ்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா என்றுகூடக் கேட்கவில்லை. எந்த வங்கி, எந்தச் செயலி, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்டார். இப்போது இதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். படத்தைப் பற்றி எதுவும் கேட்காமல் பணம் வரும் வழியைப் பற்றியே பேசுகிறவரிடம், "நாளைக்குப் பேசலாம்" என்று போனை வைத்துவிடுகிறேன். நிஜமான வாடிக்கையாளர் நாளைக்கும் இருப்பார்.

திருட்டின் வேஷங்கள் பல. பணம் செலுத்தியதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். பச்சை நிற டிக் குறி, தேதி, தொகை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அப்படிப் படம் தயாரித்துக் கொடுக்கும் போலிச் செயலிகளே இருக்கின்றன. பணம் வரவு என்று வங்கி அனுப்புவதுபோலக் குறுஞ்செய்தியும் வரும். எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பாருங்கள். வங்கி பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வரவுச் செய்தி அனுப்பாது. எப்படி வந்தாலும் சரி, உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து கணக்கில் பணம் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை படம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. கூரியர் பையன் வாசலில் நிற்கிறான், கொடுத்துவிடுங்கள் என்று எதிர்முனையில் பதறினாலும் நிற்கட்டும்.

"2,500க்குப் பதில் 25,000 அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பிப் போடுங்கள்" என்பது இன்னொன்று. பெரும்பாலும் பணம் வந்தே இருக்காது. உண்மையிலேயே வந்திருந்தால் அதில் வேறொரு ஆபத்து உண்டு. அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம். பறிகொடுத்தவர் புகார் செய்தால் பணம் போன பாதையில் உள்ள கணக்குகள் முடக்கப்படுகின்றன; அதில் நம் கணக்கும் சிக்கிக்கொள்ளும். அவர் சொல்லும் வேறொரு எண்ணுக்கு நாமாக எதையும் அனுப்பக் கூடாது. வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து, வந்த கணக்குக்கே வங்கி மூலம் திருப்பச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு ஆர்டர் எடுப்பவர்களுக்கு ஒன்று. திருமண நாளுக்கு மனைவிக்குத் தெரியாமல் பரிசளிக்கப்போவதாக ஒரு மின்னஞ்சல் வரும். வீடு மாறுகிறோம், எங்கள் ஆளே வந்து படத்தை எடுத்துக்கொள்வார் என்று இருக்கும். விலையைவிடக் கூடுதலாக ஒரு காசோலை வரும். கூடுதல் தொகையை அந்த ஆளுக்கு அனுப்பிவிடுங்கள் என்பார்கள். அமெரிக்க, ஐரோப்பிய ஓவியர்கள் பல ஆண்டுகளாக ஏமாறிவரும் வழி இது. காசோலைப் பணம் கணக்கில் காட்டிய பிறகும், சில வாரம் கழித்து அது போலி என்று திரும்பிவரும். நாம் அனுப்பியது போனது போனதுதான். உங்கள் படத்தை என்எஃப்டியாக, அதாவது இணையத்தில் விற்கும் டிஜிட்டல் உரிமைச் சான்றாக, பெரிய விலைக்கு வாங்குகிறேன், இந்தத் தளத்தில் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று இளம் ஓவியர்களிடம் வருகிறவர்களும் உண்டு. விற்கிறவர் முதலில் பணம் கட்ட வேண்டிய விற்பனையை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? நான் செய்த பெரிய தவறு இங்கேதான். நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அழைக்க வேண்டியது இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண் 1930. அதில் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. அந்தக் கணக்கில் இன்னும் இருக்கும் தொகையை நிறுத்திவைக்க முடியும். திருடர்கள் பணத்தை ஒரு கணக்கில் விட்டுவைப்பதில்லை. கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதனால் மணிக்கணக்கில்கூட இல்லை, நிமிடக் கணக்கில் வேலை செய்ய வேண்டும். நான் அழைத்தபோது எல்லாம் எடுக்கப்பட்டிருந்தது. எனக்குப் பின் ஏமாந்த இருவரில் ஒருவர் அரை மணி நேரத்துக்குள் அழைத்தார். அவர் பணத்தில் ஒரு பகுதி நிறுத்தப்பட்டு, அலைந்து திரிந்தபிறகு கைக்கு வந்தது. அழைக்கும்போது பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் பழைய பரிவர்த்தனைகளில் இருக்கும். பிறகு தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்திலும் பதிவு செய்யுங்கள். அழைப்பு வந்த எண், செய்திகள், அந்த அடையாள அட்டைப் படம், எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் நான் பாதியை அழித்துவிட்டேன்.

வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் நட்டம் வாடிக்கையாளருடையது; தெரிவித்த பிறகு ஏற்படும் நட்டம் வங்கியுடையது. நம் கையால் பின் நம்பர் போட்டதைக் கவனக்குறைவு என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சொல் வலிக்கும். வலித்தாலும் போய்ச் சொல்லுங்கள்.

கடைசியாக, பட்டறை நடத்தும் மூத்தவர்களிடமும் வகுப்பு எடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பலகையில் துணி ஒட்டுவதிலிருந்து கண் திறப்பதுவரை பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். படத்தை விற்கிற இடம் இப்போது போனுக்குள் இருக்கிறது. அதையும் ஒரு மாலை நேரம் சொல்லிக் கொடுங்கள். வெறும் பேச்சாக வேண்டாம். ஒருவர் வாங்குபவராகவும் ஒருவர் விற்பவராகவும் உட்கார்ந்து, 1 ரூபாயை வைத்து நிஜமாகவே ஸ்கேன் செய்து பார்க்கட்டும். பணம் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்தால் மறக்காது. யாராவது ஏமாந்து வந்து சொன்னால், "படித்த நீயா?" என்று கேட்காதீர்கள். என்னிடம் முதலில் கேட்கப்பட்டது அதுதான். அடுத்த இரண்டு மாதம் நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கிருஷ்ணனைப் போன தையில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா வாங்கினார். விளக்குப் புகையில் ரேக் கறுக்குமா என்று மூன்று முறை போன் செய்து கேட்டார். கண்ணாடி இருப்பதால் கறுக்காது, ஆனால் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றேன். ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
தஞ்சாவூர்