முதலில் பாய், அப்புறம் டி-ஷர்ட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் மன்றத்தின் இளைஞர் பயணக் குழுவினருக்கு வணக்கம்.

நமக்குக் குளிர்காலமான ஜூலை விடுமுறையில் பிள்ளைகளை டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு அழைத்துப்போய், ஆம்பிதியேட்டர் என்னும் பாறைச் சுவரின் உச்சியில் கூடாரம் போடப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. நல்ல காரியம். 948 மீட்டர் விழும் துகேலா அருவியை மேலே நின்று பார்க்கட்டும். ஆனால் செலவுப் பட்டியலில் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் இருக்கிறது, பேனர் இருக்கிறது, வீடியோக்காரர் இருக்கிறார். தரையில் விரிக்கும் பாய்க்கு ஒரு ராண்ட்கூட இல்லை.

இங்கே டர்பனின் சட்ஸ்வர்த் பகுதியில் ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களில் ஒரு ஸ்வெட்டர் போட்டால் போதும். அந்தக் கணக்கு மலையில் செல்லாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை பாகை செல்சியஸ் குறையும். நீங்கள் படுக்கப்போவது கிட்டத்தட்ட 3000 மீட்டரில். இரவில் பாட்டில் தண்ணீரே உறைந்துவிடும்.

எவ்வளவு விலை கொடுத்து ஸ்லீப்பிங் பேக் வாங்கினாலும், படுத்தவுடன் அதன் அடிப்பக்கம் உடல் பாரத்தில் அமுங்கிப்போகும். சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று அங்கே நிற்காது. தரைக் குளிர் நேரே முதுகில் ஏறும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் விடியும்வரை நடுங்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு தடித்த ஃபோம் பாய் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த டி-ஷர்ட்டோ பருத்தி. உச்சிக்குப் போகும் வழியில் பாறையில் தொங்கும் சங்கிலி ஏணியில் ஏறிய வியர்வை அதில் ஊறிவிட்டால், உச்சிக் காற்றில் உடம்பு சில்லிட்டுப்போகும். கம்பளியோ செயற்கை நூலோ உள்ளே போடச் சொல்லுங்கள்.

முதல் இரவு பிரியாணி என்று வேறு போட்டிருக்கிறீர்கள்! அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 பாகையிலேயே கொதித்துவிடும், அரிசி சீக்கிரம் வேகாது. வெறும் பியூட்டேன் கேஸ் உறைகுளிரில் சரியாக எரியாது. புரொப்பேன் கலந்தது வேண்டும். அவலும் ரவையும் எடுத்துப்போங்கள்.

வானிலையைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்த பிறகு, வான் ரீனன் கணவாய்ப் பக்கம், டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் பனி கொட்டி வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தன. தார்ச்சாலைக்கே அந்தக் கதி. ஏணிக் கம்பியில் பனி உறைந்திருந்தால் பிள்ளைகளை எப்படி இறக்குவீர்கள்? குளிர்காற்று முகப்பு (கோல்ட் ஃபிரண்ட்) வருகிறது என்று முன்னறிவிப்பு சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வழியில் "போதும், திரும்பலாம்" என்று சொல்ல ஒருவரை இப்போதே நியமியுங்கள். அவர் சொன்னால் தலைவரும் திரும்ப வேண்டும். புறப்படும் இடத்தில் உள்ள மலைப் பதிவேட்டில் எல்லோர் பெயரும், திரும்பும் நாளும் எழுதியாக வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் இரவைக் கீழேயே முகாமில் கழியுங்கள். யாருடைய ஸ்லீப்பிங் பேக் மெலிசு, யாருக்குக் கையுறை இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும், காரும் பக்கத்திலேயே நிற்கும்.

பெற்றோரிடம் பணம் வாங்குவதற்கு முன் பட்டியலைத் திருத்தி அனுப்புங்கள். டி-ஷர்ட்டைத் திரும்பி வந்த பிறகு அச்சடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பிள்ளையை அனுப்பவிருக்கும் ஓர் உறுப்பினர்