துண்டைத் தரேக்கயே திகதியையும் எழுதித் தந்தா என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில யானைப் பிரச்சினை வருது, உரப் பிரச்சினை வருது, நான் எழுதப்போறது மலப்பரிசோதனையைப் பற்றி, சாப்பாட்டுக் கோப்பையோட இருந்து வாசிக்கிறவை பிறகு வாசியுங்கோ.

நாங்கள் முத்தையன்கட்டுப் பக்கம். மகள் கிளிநொச்சியில காமன்ற்ஸ் வேலை, நாலு வயசுப் பேரன் என்னோடதான். போன மாரியில குளம் வான் பாய்ஞ்சு எங்கட கிணத்துக்குள்ளயும் வெள்ளம் இறங்கின கிழமை பொடியனுக்கு வயித்தோட்டம் துடங்கிச்சுது, ரெண்டாம் நாள் சீதத்தோட ரத்தமும் கண்டுது. நான் செய்த பிழை, சந்தியில ஒரு டிஸ்பென்சரியில பாணி மருந்து வாங்கிப் பருக்கிப்போட்டு ஒரு நாள் பார்த்துக்கொண்டு இருந்ததுதான். நிக்கேல்ல எண்ட உடன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினன். எந்த ஆஸ்பத்திரி எண்டு எழுதேல்ல, அங்க வேலை செய்யிற பிள்ளையளும் பாவங்கள்.

டொக்டர் ரெஸ்ற்றுக்கு எழுதின ஒரு துண்டும், மூடியில கரண்டி ஒட்டின சின்னப் போத்தல் ஒண்டும் தந்தார். விடிய எடுத்துக்கொண்டு வரச்சொல்லி. முதல்நாள் முழுக்க பத்துத்தரம் ஓடின பிள்ளைக்கு போத்தலைக் கண்ட உடன நிண்டிட்டுது! வாழைப்பழம் குடுத்து, கதை சொல்லி, ஒருமாதிரி ஏழு மணிக்கு எடுத்து, சொப்பின் பையில சுத்தி ஒரு மா பேணிக்குள்ள வைச்சு மடியில வைச்சுக்கொண்டு பஸ்ஸில போறன், பக்கத்தில இருந்த மனிசி "என்னக்கா, பலகாரமே?" எண்டு கேக்குது. ஓமெண்டும் சொல்லேலாது இல்லையெண்டும் சொல்லேலாது.

லாப்பில குடுக்கேக்க ஒம்பதரை. பிந்திட்டுது எண்டு பேச்சு. அமீபா எண்ட கிருமி உயிரோட அசையிறதைப் பார்க்கிறதெண்டா வெளிய வந்து அரை மணித்தியாலத்துக்குள்ள பார்க்கோணுமாம். எங்கட ஊர் பஸ்ஸுக்கு அது தெரியுமோ? சரி, பின்னேரமே ரிப்போட் தந்திட்டினம், சலக்கலம் (சீழ்க்கலம்) இருக்கு, ரத்தக்கலம் இருக்கு எண்டு. அவ்வளவு கெதியா வந்தது எனக்குப் புளுகம். டொக்டர் பார்த்துப்போட்டு "கல்ச்சர் எங்க?" எண்டார். அப்பதான் தெரியும் அந்தத் துண்டில ரெண்டு ரெஸ்ற் எழுதிக் கிடந்தது எண்டு. கல்ச்சர் எண்டா மலத்தில இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிறதாம். கல்ச்சர் இஞ்ச செய்யிறேல்ல, வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது, வந்தா வரும் எண்டு சொல்லிச்சினம்.

நாலாம் நாள் போனன், வரேல்ல. பிறகு சனி, ஞாயிறு, திங்கள் போயா. எட்டாம் நாள் போனன், அந்தப் பொறுப்பான ஆள் லீவு. ஒம்பதாம் நாள்தான் கிடைச்சுது, அதுவும் ஆறாம் நாளே வந்து வேற கட்டுக்குள்ள கிடந்ததாம். அதுக்கிடையில டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துக்கொண்டு இராமல் குடுத்த மருந்திலயும் ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்புச் சீனித் தூள்) தண்ணியிலயும் பொடியன் சுகமாகி கொய்யா மரத்தில நிக்கிறான்.

ரிப்போட்டில சல்மொனெல்லா, ஷிகெல்லா எண்ட வயித்தோட்டக் கிருமியள் ஒண்டும் பிடிபடேல்ல எண்டு போட்டிருந்தது. லாப்பில நிண்ட ஒரு தம்பி பொறுமையா விளங்கப்படுத்தினார். தட்டில பூசி 37 பாகைச் சூட்டில ஒரு இரவு வைக்கோணுமாம், சந்தேகமான கிருமி வந்தா அதைப் பிரிச்சு என்ன சாதியெண்டு பார்க்க இன்னொரு நாள், எந்த மருந்துக்குச் சாகுமெண்டு பார்க்க இன்னொரு இரவு. ரெண்டு மூண்டு நாள் இல்லாமல் முடியாது. அது எனக்கு நல்லா விளங்குது, விதைநெல்லை ஊறப்போட்டுச் சாக்கில கட்டி முளைக்க வைக்கிறவைக்கு இதைச் சொல்லித் தரவேணுமே. பிறகு அவர் கேட்டார், "போத்தல் எடுக்க முதல் அன்ரிபயோற்றிக் ஏதும் குடுத்தனியளோ அம்மா?" டிஸ்பென்சரிப் பாணிப் போத்தலைக் காட்டினன். அது அன்ரிபயோற்றிக்தானாம், அதாலயே கிருமி பிடிபடாமல் போயிருக்கலாமாம். இந்தக் கேள்வியை ஒம்பதாம் நாள் கேக்கிறதை விட துண்டு தந்த அண்டைக்குக் கேட்டிருக்கலாமெல்லோ?

மூண்டு நாள் கிருமிக்கு, சரி. மிச்ச ஆறு நாள் ஆருக்கு? ஒரு தரம் வந்துபோறதெண்டா ரெண்டு பஸ், பாதிநாள் கூலி. பாங்கில நூறு ரூபா எடுத்தாலும் போனுக்கு மெசேஜ் வருது, ஆஸ்பத்திரியில ரிப்போட் வந்திட்டுது எண்டு ஒரு மெசேஜ் போடேலாதோ, இல்லாட்டி துண்டுக்குப் பின்பக்கத்தில "கல்ச்சர், இன்ன திகதிக்குப் பிறகு வாங்கோ" எண்டு பேனையால எழுதி, பாணி மருந்து குடுத்ததோ எண்டும் கேட்டுவிட்டா எவ்வளவு புண்ணியம். சுகாதாரப் பக்கம் பொறுப்பானவை உங்கட பேப்பர் வாசிக்கிறவை எண்ட நம்பிக்கையிலதான் எழுதுறன்.

அந்த மா பேணியை மகள் லீவில வந்து எறிஞ்சிட்டாள். சுடுதண்ணியில மூண்டுதரம் கழுவினது எண்டு சொல்லியும் கேக்கேல்ல.

இப்படிக்கு,
ஒரு அம்மம்மா,
முத்தையன்கட்டு