நூறு நாள் வேலை: வகுத்துப் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நூறு நாள் வேலைத் திட்டத்தின் மொத்தச் செலவை வேலை நாட்களால் வகுத்து, ‘ஒரு நாளுக்கு இவ்வளவா?’ என்று கேட்பது மதிப்பீடு ஆகாது. கூலி அரசுக்குத்தான் செலவு. நாட்டுக்கு அது கைமாறும் பணம். அந்த உழைப்பு அன்று வேறெங்கே பயன்பட்டிருக்கும் என்பதே உண்மையான செலவு. 2025-26இல் இத்திட்டத்தில் தமிழகத்தின் நாள் கூலி 336 ரூபாய். நடவுக் காலத்தில் ஒருவர் 400 ரூபாய் வேலையை விட்டு வந்தால் இழப்பு பெரிது. வயல் காய்ந்து கிடக்கும் வைகாசியில் வந்தால் அநேகமாக இழப்பே இல்லை. மாதவாரியாகப் பிரிக்காத கணக்கு எதையும் சொல்லாது.

வரவுப் பக்கம் இன்னும் மோசம். இத்திட்டத்தில் கண்மாயை (ஏரியை)த் தூர்வாரிய மண்ணைக் கனமீட்டரில் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவதோடு சரி. வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பில் இருந்தால் எவ்வளவு தோண்டினாலும் கண்மாயில் கூடுதல் தண்ணீர் நிற்காது. ஆயக்கட்டில், அதாவது கண்மாய் பாயும் நிலத்தில், சாகுபடியான ஏக்கர், கிணற்று நீர்மட்டம் இரண்டையும் பணிக்கு முன்பும் பின்பும், குறைந்தது மூன்று பருவமழைக்காவது, பணி நடக்காத பக்கத்துக் கண்மாயோடு ஒப்பிட வேண்டும். நல்ல மழை பெய்த ஓர் ஆண்டை மட்டும் காட்டுவது ஏமாற்று.

இத்திட்டத்தால் வயல் வேலை போன்ற வெளிவேலைக்கான கூலி உயர்வதைச் சிலர் முழு லாபமாகச் சேர்க்கிறார்கள். அதில் பெரும்பகுதி விவசாயி கையிலிருந்து தொழிலாளி கைக்குப் போவது. முக்கியம்தான், ஆனால் தனியாக எழுத வேண்டியது.

இத்திட்டத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாமதமான கூலிக்கு இழப்பீடு நாளுக்கு 0.05 சதவீதம், 336 ரூபாய்க்கு 17 காசு! கூலி வரும்வரை வாங்கிய கைமாற்றுக்குக் கட்டும் வட்டியையும் செலவில் எழுதுங்கள்.

- வாசகர், சிவகங்கை