நீர்க்கரடி இருக்கட்டும், உப்பளத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத நீர்க்கரடி என்ற குட்டி உயிரி பற்றிய கட்டுரை படித்தேன். சூட்டில் சாகாது, குளிரில் சாகாது, விண்வெளிக்கே போய் வந்தது என்று அடுக்கிக்கொண்டே போனவர், அந்தச் சாகசமெல்லாம் பெரும்பாலும் அது காய்ந்து சுருண்டு கிடக்கும்போதுதான் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. நடமாடும் நீர்க்கரடி வேறு கதை. 2020இல் வந்த ஓர் ஆய்வில் 37 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் இருந்ததற்கே ஏறக்குறைய பாதி செத்துப்போயின. நாகர்கோவிலில் சித்திரை மாத மத்தியானம் அதற்கு ரொம்பக் கீழே ஒன்றும் இல்லை!

சரி, இப்படிச் சாகசம் செய்யும் உயிரைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன். நான் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்ப்பவன். இறால் குஞ்சுக்கு நாங்கள் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி உயிரி நம் குமரி மாவட்டப் புத்தளம் உப்பளத்திலும் உண்டு, தூத்துக்குடியிலும் உண்டு. பாத்தியில் உப்பு ஏறி, காற்று குறைந்து, நிலைமை மோசமானால் தாய் குஞ்சு போடாமல் கெட்டி ஓடுள்ள முட்டைகளை விடும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். அந்த முட்டைக்குள் இருக்கும் கருவில்தான் பி26 என்ற புரதம் குவிகிறது. நேராகக் குஞ்சாகப் பிறக்கப்போகும் கருவில் அது உருவாவதில்லை. சூட்டிலும் வறட்சியிலும் மற்றப் புரதங்கள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் இது பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே டிரெஹலோஸ் என்ற சர்க்கரையும் காவலுக்கு நிற்கும். இன்னொன்று, பி26க்கு நம் கண் லென்ஸில் ஒரு சொந்தக்காரர் உண்டு: ஆல்ஃபா கிரிஸ்டலின். லென்ஸ் புரதங்கள் திரண்டு வெண்புரை விழாமல் ஆன மட்டும் தடுப்பது அதன் வேலை. கண் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் நம் பக்கம் ஏது, இதை எழுதியிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்.

இந்த முட்டை ஈரத்தில், துளி ஆக்சிஜன் இல்லாமல், நான்கு வருடம் கிடந்தும் பிழைத்ததைச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் இந்தக் காய்ந்த முட்டை அடைத்த டின்னை உடைத்து 28 டிகிரி உப்புத் தண்ணீரில் கொட்டிக் காற்றுக் குழாயைப் போட்டால் மறுநாள் குஞ்சு நீந்துகிறது, அப்புறம் கொஞ்ச நேரத்தில் பி26ம் காணாமல் போய்விடுகிறது.

அந்த டின்னும் பெரும்பாலும் அமெரிக்காவின் உப்பு ஏரியிலிருந்துதான் வருகிறது, விலையும் கடுமை. அடுத்த முறை உங்கள் நிருபரைப் புத்தளம் பக்கம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மணக்குடி வாசகர் ஒருவர்