அது படிக்கட்டு இல்லைங்க, கோலம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுல சேர்ந்து கெடக்கற பழைய சாமானை ஒழிக்கிறதப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. கேசட்டு, விசிடி, சிடி பிளேயரு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி எடைக்குப் போட்டுரலாம்னு எழுதிட்டு, சிடில பாட்டு படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டிப் பதிவாகுது அதனால பாதி சத்தம் போயிருதுன்னு வேற ஒரு வரி. எடைக்குப் போடச் சொன்னதக்கூட விட்டுருவேன், அந்தப் படிக்கட்டு சமாச்சாரம்தான் ரெண்டு நாளா தொண்டைல மீன்முள்ளாட்டம் நிக்குது. கடிதம் நீளமாப் போகும், எங்க வேணா வெட்டிக்கங்க, கோலத்த மட்டும் வெட்டிராதீங்க.

சிடில என்ன இருக்குன்னா, ஒரு செகண்டுக்கு 44,100 தடவ சத்தத்தோட அளவ எடுத்து ஒவ்வொண்ணையும் 16 பிட் நம்பரா எழுதி வெச்சிருக்காங்க. இத பேப்பர்ல வரைஞ்சு காட்டறவங்க படிக்கட்டாத்தான் வரைவாங்க, உங்க கட்டுரையாளர் பாத்தது அந்தப் படமாத்தான் இருக்கும். ஆனா எங்க தெருவுல காலைல புள்ளி வெச்சு வளைச்சு வளைச்சு கோலம் போடறாங்களே, ரெண்டு புள்ளிக்கு நடுவுல கோலம் இல்லைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? இத எங்கூட்டம்மாகிட்ட பெருமையா சொன்னேன், ஒரே புள்ளிக்கு நான் பத்து கோலம் போடுவேனே அப்ப எது உம்ம பாட்டுன்னு மடக்கிருச்சு. வாஸ்தவம்தான். அங்கதாங்க ஒரு கண்டிஷன் இருக்கு, ரெக்கார்டிங் பண்றப்பவே 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல, அதாவது 44,100ல பாதி, செகண்டுக்கு 22,050 தடவைக்கு மேல அதிர்ற எதையும் உள்ள விடறதில்ல, அதுக்கு மேல வேகமா வளையற கோடே கூடாதுன்னு சொல்லிட்டா அந்தப் புள்ளிங்களுக்கு ஒரே ஒரு கோலம்தான் வரும். மனுசக் காது 20 கிலோஹெர்ட்ஸத் தாண்டி கேக்கறதில்ல, என் வயசுக்கு 12 கேட்டாலே பெருசு. அந்த ஒத்தக் கோலத்த திரும்பப் போடறதுக்குத்தான் நம்பர மறுபடி மின்சார அலையா மாத்தற டாக்குன்னு ஒரு சிப்பும், கூடவே ஒரு ஃபில்டரும் இருக்கு.

இவ்வளவு தைரியமா பேசறதுக்கு காரணம், சிடி பிளேயரும் டாக்கும் ஒரே பெட்டியில வெச்சு நானே செஞ்சிருக்கேன். எட்டு மாசம் ஆச்சு, செலவு 12,000 ரூபாய்க்குப் பக்கம், அதுல 1,800 ரூபா முட்டாத்தனத்துக்கு. அந்தக் கதையச் சொல்லிடறேன். டிடிஏ 1541ஏன்னு பிலிப்ஸ் டாக் சிப் ஒண்ணு, 28 காலு, இந்தக் கிறுக்கு புடிச்சவங்க எல்லாம் அதுக்குத்தான் அலைவாங்க. செஞ்சு நிறுத்தி வருசக்கணக்காச்சு, ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட ஆர்டர் பண்ணேன், பளபளன்னு வந்துச்சு. பளபளப்புதான் சந்தேகமாவும் இருந்துச்சு, மகளோட நகப்பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல தொட்டு ரெண்டு தேய்ப்பு தேய்ச்சேன், எழுத்து மொத்தமும் பஞ்சுக்கு வந்துருச்சு, அடியில வேற என்னமோ நம்பரு.

அப்புறம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைல, இட்லிக் குண்டானுக்கு அடியில, செத்துப்போன பிலிப்ஸ் பிளேயர் ஒண்ணு 350 ரூபாய்க்கு கெடைச்சுது. மூடியக் கழட்டினா நிஜமான 1541ஏ, பக்கத்துலயே எஸ்ஏஏ 7220 ஃபில்டரு. இந்த 7220 இருக்கே, ரெண்டு புள்ளிக்கு நடுவுல இன்னும் மூணு புள்ளிய கணக்குப் போட்டு வெச்சு 44.1ஐ 176.4 கிலோஹெர்ட்ஸ் ஆக்கிக் குடுக்கும், கை வெச்சா சுடும், அம்புட்டு உழைப்பு. 1982ல சிடி வந்த புதுசுல பிலிப்ஸ்காரங்ககிட்ட 16 பிட் அளவுக்கு நுணுக்கம் இல்லாத 14 பிட் சிப்புதான் இருந்துச்சு, இந்த நாலு மடங்கு வித்தைய வெச்சுத்தான் 16 பிட்டுக்காரங்களோட போட்டி போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, உங்க கட்டுரையப் படிச்சு எடைக்குப் போட்டிருந்தா அந்தப் பிளேயரு இந்நேரம் உருகி கம்பியாயிருக்கும்.

ரெண்டு சிப்பையும் கழட்டி புது போர்டுல போட்டேன். 1541ஏக்கு மூணு விதமான வோல்ட் வேணும், பிளஸ் 5, மைனஸ் 5, மைனஸ் 15, போதாததுக்கு சுத்தி 14 குட்டி கெப்பாசிட்டர், ஒட்டின மாதிரி கிட்டக்க வெக்கணும். ஹை எண்டுன்னு லட்சக்கணக்குல விக்கறவங்க சிப் பேரத்தான் பெருசா போடுவாங்க, நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது என்னன்னா சிப்பு கால்வாசி, பவர் சப்ளையும் எர்த்தும் முக்கால்வாசி. எங்க அம்மாபேட்டையில சுத்தி விசைத்தறி. பாட்டுக்கு நடுவுல டிக் டிக்குன்னு ஒரு சத்தம், ரெகுலேட்டரு மாத்தினேன், கெப்பாசிட்டர் மாத்தினேன், போகவே இல்ல. ஆயுத பூஜை அன்னிக்கு தறிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சு நிறுத்திட்டாங்க, அன்னிக்கு ஒரு டிக் கூட இல்ல! தறி மோட்டாரு ஓடி நிக்கறப்பல்லாம் லைன்ல குதிக்கறதுதான் உள்ள வந்திருக்கு. மோட்டார் காயில் கட்டற அண்ணன்கிட்ட போய் ட்ரான்ஸ்ஃபார்மர தனியா சுத்தச் சொன்னேன், கரண்ட் உள்ள வர்ற பிரைமரி சுத்துக்கும் வெளிய போற செகண்டரி சுத்துக்கும் நடுவுல செம்புத் தகடு ஒரு சுத்து, அத எர்த்துக்கு. தகட்டோட ரெண்டு முனையும் ஒண்ண ஒண்ணு தொடக்கூடாது, தொட்டா அதுவே ஷார்ட் ஆன ஒரு சுத்தாகி வெந்துரும், இத நான் சொல்லாமலே அவரு முனைக்கு முனை பேப்பர் வெச்சு மடிச்சாரு பாருங்க, அந்தக் கைக்கு எவ்வளவு வேணா குடுக்கலாம், அவரு வாங்கினது 900. அப்படியே லைன் ஃபில்டர் ஒண்ணும் போட்டேன், டிக் நின்னுச்சு.

சேலத்துக்காரன்ங்கிற பெருமைல பெட்டிய ஸ்டெயின்லெஸ் தகட்டுல செஞ்சேன். அதுல ஒரு பாடம். பாத்திரத்துக்குப் போடற அந்த 304 தகட்டுல காந்தம் ஒட்டாது, காந்தம் ஒட்டாத தகடு ட்ரான்ஸ்ஃபார்மரோட 50 ஹெர்ட்ஸ் ஹம்மையும் தடுக்காது, ம்ம்ம்ம்னு ஒரே ரீங்காரம். நடுவுல சாதா இரும்புத் தகடு தடுப்பு வெச்சு, ட்ரான்ஸ்ஃபார்மர ஒரு மூலைக்குத் தள்ளினப்புறம்தான் அடங்குச்சு. வெளிய மட்டும் ஸ்டெயின்லெஸ், பாக்க ஜோரா இருக்கு.

லேசருக்கு கேஎஸ்எஸ் 213ன்னு ஒரு பிக்கப், அதான் லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகம், புதுசு வாங்கினேன். மாட்டி ஆன் பண்ணா லென்ஸு ரெண்டு மூணு தடவ மேல கீழ ஆடிட்டு நோ டிஸ்க்குங்குது. ரெண்டு நாள், லென்ஸையும் டிஸ்க்கையும் ஓட்டற சர்வோ போர்டத் திட்டிகிட்டே இருந்தேன். அஞ்சு ரோட்டுப் பக்கம் முன்னாடி கடை வெச்சிருந்த ரேடியோ மெக்கானிக் ஒருத்தர், எழுபது வயசு தாண்டியிருக்கும், கொண்டுபோய் காட்டினேன். பூதக்கண்ணாடிய எடுக்காமலே கேட்டாரு, "ஏந்தம்பி, பொட்ட எடுத்தியா?" எந்தப் பொட்டுண்ணே? பிக்கப்புக்கு அடியில அரிசில பாதி சைஸுக்கு ஒரு ஈயப் பொட்டு, லேசர் டயோடு ஸ்டேட்டிக்ல சாகாம இருக்க கம்பெனிலயே ஷார்ட் பண்ணி அனுப்பறது, ரிப்பன் கேபிள மாட்டினப்புறம் அத எடுத்தாத்தான் லேசரே எரியும். ஈயத்த உறிஞ்சற செம்பு வலைய வெச்சு சால்டரிங் அயர்ன ஒரு ஒத்து ஒத்தினாரு, பொட்டு போயிருச்சு, டிஸ்க்கு சுத்துச்சு. டீக்காசுகூட வாங்கல. (யாராச்சும் செஞ்சு பாக்கறதா இருந்தா எரியற லேசர கண்ண வெச்சுப் பாக்காதீங்க, 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, கண்ண மட்டும் கெடுக்கும்.)

வெள்ளிக் கம்பில ஒயரிங் பண்ணா சத்தம் தேனா கொட்டும்னு ஒருத்தர் சொன்னாரு. நம்ம ஊருல வெள்ளிக்கா பஞ்சம், கொலுசுப் பட்டறைல இருக்கற மச்சான்கிட்ட ஒரு மீட்டர் வாங்கிப் போட்டேன். செம்ப விட வெள்ளி அஞ்சாறு சதவீதம்தான் நல்லா கடத்தும், என் காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல, கம்பிய திருப்பிக் குடுத்துட்டேன்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடணும். பையன் என் கண்ணக் கட்டிவிட்டு, என் பிளேயரையும் அவன் போன்ல சொருகற 700 ரூபா டாக்கையும் மாத்தி மாத்தி பத்து தடவ போட்டான், நான் ஆறு தடவ சரியாச் சொன்னேன். காசு சுண்டினாலும் அம்புட்டு வரும். அதனால என்னோடது உசத்தின்னு சொல்ல வரலைங்க, சிடியில பாதி சத்தம் போகலைன்னுதான் சொல்றேன். அத நல்லபடியா வெளிய கொண்டுவர லட்ச ரூபா பெட்டியும் வேண்டாம்.

அப்ப எதுக்கு எட்டு மாசம்னு எங்கூட்டம்மாவும் கேட்டுச்சு. 2001ல என் தங்கச்சி கல்யாணத்துல வாசிச்ச நாதஸ்வரத்த ஒருத்தர் ரெக்கார்ட் பண்ணி சிடில எழுதிக் குடுத்தாரு. ஒரே காப்பி. வீட்டுல எழுதற சிடி கடைல வாங்கற சிடி அளவுக்கு வெளிச்சத்தத் திருப்பாது, தேஞ்சுபோன லேசரு அத எடுக்காது, எங்க பழைய பிளேயரும் எடுக்காம துப்பிகிட்டே இருந்துச்சு. புது லேசர்ல மூணாவது பாட்டு வரைக்கும் சுத்தமா வருது, நாலுல ஒரு எடத்துல திக்குது. அப்பா "மெதுவா, மெதுவா"ன்னு யாரையோ அதட்டறது ரெண்டாவது பாட்டுல கேக்குது, அவரு போய் ஒம்போது வருசமாச்சு. இது எந்த ஆப்புலங்க வரும்?

அதனால அடுத்த வாரம் ஒரு நாலு வரி திருத்தம் போட்டீங்கன்னா போதும், எடைக்குப் போடறதுக்கு முன்னாடி மூடியக் கழட்டிப் பாக்கச் சொல்லி, இல்லாட்டி பக்கத்துல ஐடிஐ படிக்கற பசங்ககிட்டயாச்சும் குடுக்கச் சொல்லி. கட்டுரை எழுதினவரு சேலம் பக்கம் வந்தா வீட்டுக்கு அனுப்பி வைங்க, போட்டுக் காட்டறேன். ராத்திரி ஒம்போதுக்கு மேல வரட்டும், பகல்ல பக்கத்து வீட்டுத் தறி ஓடும், அந்தச் சத்தத்துக்கு நான் இன்னும் ஃபில்டர் செய்யல.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
அம்மாபேட்டை, சேலம்.